மனித உரிமை: ஓரக் குறிப்புகள்

மாக்னா கார்ட்டாவில் மீன் வருகிறது.

33-வது பிரிவு. தேம்ஸ், மெட்வே ஆறுகளில் மீன் பிடிக்கப் போட்ட அடைப்புகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். கடலோரத்தில் இருப்பவை இருக்கலாம்.

35-ல் ஒயின், பீர், தானியம். நாடு முழுக்க ஒரே அளவு. சாயத் துணிக்கு ஒரே அகலம்.

பாடப் புத்தகம் எடுத்துக்கொண்டது 39-ஐ மட்டும். சட்டப்படி தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் பிடித்து அடைக்கக் கூடாது என்பது. 1215-ல் இங்கிலாந்துக் கிராமங்களில் பெரும்பகுதி நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள். 39-ல் அவர்கள் கிடையாது.

20-ல் உண்டு. அபராதம் போட்டாலும் பண்ணையாளின் உழவுச் சாமான்களில் கை வைக்கக் கூடாது.

ஏருக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

54: கொலை என்று ஒரு பெண் புகார் கொடுத்தால் அதை வைத்து யாரையும் பிடிக்கக் கூடாது. செத்தது அவள் புருஷனாக இருந்தால் மட்டும் பிடிக்கலாம்.

ஜூனில் முத்திரை விழுந்தது. ஆகஸ்டில் போப் செல்லாது என்று சொல்லிவிட்டார். பத்தே வாரம்தான் ஓடியது.



சுங்கச்சாவடி. முன்னால் ஒரு வெள்ளைக் கார். பின் கண்ணாடியில் முழ நீளத்துக்கு ‘மனித உரிமை’. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு சங்கத்தின் பெயர், பதிவு எண், ‘மாவட்டச் செயலாளர்’.

உள்ளே இருந்தவர் பணம் கட்டாமல் போகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட சங்கங்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே பேச வேண்டி வந்தது. ஸ்டிக்கர் மட்டும் குறைந்தபாடில்லை.



1833. பிரிட்டிஷ் பார்லிமென்ட் அடிமை முறையை ஒழித்தது. 2 கோடி பவுண்டு நஷ்டஈடு.

அடிமைகளுக்கு இல்லை. வைத்திருந்தவர்களுக்கு.

அதற்கு வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்து முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் வரி கட்டியவர்களில் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். லண்டன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள்.

சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் 64-வது பிரிவு. இந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்குப் பொருந்தாது. இலங்கைக்கும் பொருந்தாது. செயின்ட் ஹெலினா தீவுக்கும் பொருந்தாது.

தஞ்சாவூர் வயலில் நின்றவனுக்கு லண்டனில் தன்னை விலக்கி வைத்த செய்தி வந்து சேர்ந்திருக்காது. பத்து வருஷம் கழித்து 1843-ல் கம்பெனி தனியாக ஒரு சட்டம் போட்டது. அதுவும் அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அடிமை என்ற உரிமைக் கோரிக்கையைக் கோர்ட்டு ஏற்காது என்று மட்டும் சொன்னது. குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது.



நஷ்டஈடு வாங்கியவர்களில் ஜான் கிளாட்ஸ்டன். பின்னால் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. 1,06,769 பவுண்டு.

தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே. கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதினார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்று இரண்டு கப்பல் பிரிட்டிஷ் கயானாவில் போய் நின்றது. ஒப்பந்தக் கூலிகள்.

அதே வருஷம் ஆகஸ்ட் 1-ல் அங்கே கறுப்பர்களுக்கு முழு விடுதலை. இடையில் மூன்றே மாதம்.



சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல். டர்பனில் 1860 நவம்பர் 16. நேட்டாலுக்குப் போன முதல் கூலிக் கப்பல். கரும்புத் தோட்டம்.



1894, டர்பன். பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி. முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம், கையில் தலைப்பாகை. அழுதுகொண்டே ஓர் இளம் வக்கீலின் அறைக்குள் வருகிறார்.

தலைப்பாகை ஏன் கையில்? வெள்ளைக்காரன் முன்னால் போனால் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். வக்கீல் முன்னாலும் அந்தப் பழக்கம். மறுபடி கட்டிக்கொள்ளுங்கள் என்றார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டினாராம்.

பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னது ஆபீஸ் குமாஸ்தா. அவரும் தமிழர்.

முதலில் டாக்டர். காயத்துக்கு அவரிடம் சர்டிபிகேட். பிறகு மாஜிஸ்திரேட்.

இதற்குமேல்தான் கவனிக்க வேண்டியது. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் போனால் முதலாளி சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி போனால் கிரிமினல் குற்றம், ஜெயில். அடித்த முதலாளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தாலும் அடிபட்டவன் அவனிடமே திரும்பிப் போக வேண்டும். காந்தி தண்டனை கேட்கவில்லை. வேறு ஒரு முதலாளியின் பெயருக்கு ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார்.

விடுதலை இல்லை. கை மாறியது.

பாலசுந்தரத்துக்கு அதுவே பெரிசு. சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியது.



யான் ஸ்மட்ஸ். தென்னாப்பிரிக்காவில் காந்தியை ஜெயிலில் போட்டவர். ஜெயிலில் தைத்த செருப்பைக் காந்தியிடமிருந்து பரிசாக வாங்கிக்கொண்டவர்.

1945-ல் ஐ.நா. சாசனத்துக்கு முன்னுரை எழுதியதிலும் அவர் கை பெரிது. அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கை என்ற பேச்சு அதற்குள் வந்தது அவர் வழியாகத்தான்.

1946 ஜூன்: இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று அவருடைய அரசு சட்டம் போடுகிறது.

1946 டிசம்பர்: ஐ.நா. பொதுச்சபை. எதிரே இந்தியாவின் புகாரோடு விஜயலட்சுமி பண்டிட். அவருடைய நாட்டுக்கு இன்னும் சுதந்திரம் வரவில்லை. ஸ்மட்ஸின் பதில்: இது எங்கள் உள்நாட்டு விவகாரம். சாசனத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

தீர்மானத்துக்கு ஆதரவு 32. எதிர்ப்பு 15. நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மயிரிழையில் தேறியது.

2001. டர்பன். இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. இந்திய அரசு கூடாது என்றது. சாதி வேறு, இனம் வேறு, உள்நாட்டில் பார்த்துக்கொள்கிறோம்.

அதே டர்பன்.



உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவு வேலை பெரும்பகுதி நடந்தது நியூயார்க் அருகே லேக் சக்சஸ் என்ற ஊரில். ஐ.நா.வுக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத காலம். ஸ்பெர்ரி கம்பெனியின் தொழிற்சாலையில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

போர்க் கருவிகள் செய்த தொழிற்சாலை.

இந்தியா சார்பில் ஹன்சா மேத்தா. முதல் பிரிவில் எல்லா ஆண்களும் பிறப்பால் சமம் என்கிற மாதிரி எழுதியிருந்ததை விடாமல் எதிர்த்து மாற்ற வைத்தவர். தலைவராக உட்கார்ந்திருந்த எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அது முதலில் பெரிய விஷயமாகப் படவில்லை. ஆண்கள் என்றால் பெண்களும் அடக்கம்தானே என்று இருந்தார்.

1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் டெல்லியில் பெண்கள் சார்பில் தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபையில் ஒப்படைத்ததும் இதே ஹன்சா மேத்தாதான். அங்கேயும் அடிப்படை உரிமைக் குழுவில் உறுப்பினர்.



1948, கடைசி இரண்டு மாதம். நாட்காட்டியிலிருந்து:

நவம்பர் 15. இலங்கைக் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள்.

நவம்பர் 29. டெல்லி, அரசியல் நிர்ணய சபை. தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறியது. சபையில் காந்திக்கு ஜே கோஷம்.

டிசம்பர் 9. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை.

டிசம்பர் 10, நள்ளிரவை ஒட்டி. பாரிஸ். பிரகடனம். 15-வது பிரிவு: ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு.

இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினர் இல்லை. 1955-ல்தான் சேர்ந்தது.

1964: சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூட்டைக் கணக்கு மாதிரி, எல்லாம் ஆயிரத்தில் முடிகிறது. அந்த 9,75,000-ல் யாரிடமும் எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டு எழுதிய எண் இல்லை.



பிரகடனத்துக்கு ஆதரவு 48. எதிர்ப்பு யாரும் இல்லை. 8 பேர் நடுநிலை: சோவியத்தும் அதன் பக்கத்தில் நின்றவர்களும் ஆறு, சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா.

அந்த வருஷம் மே மாதத் தேர்தலில் ஸ்மட்ஸ் தோற்றிருந்தார். சொந்தத் தொகுதியே போனது. வந்தவர்கள் இனஒதுக்கலைச் சட்டமாக்கப் போகிறவர்கள்.

ஹோண்டுராஸும் ஏமனும் ஓட்டுப் போட வரவில்லை.

எதிர்ப்பு ஓட்டு இல்லாததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி வருவதில்லை. கட்டுப்படுத்தாத காகிதத்துக்கு எதிராகக் கை தூக்கி எதற்குக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்?



வரைவைப் பொதுச்சபை முன் வைத்துப் பேசியவர் எமில் செயின்ட்-லோ. ஹெய்ட்டி.

ஹெய்ட்டி: அடிமைகள் எழுந்து 1804-ல் தாங்களே உண்டாக்கிக்கொண்ட நாடு. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பியது. எங்கள் ஆட்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள்.

சொத்து என்பதில் அவர்களும் அடக்கம். தங்கள் விலையைத் தாங்களே கட்ட வேண்டும்.

அந்தக் கடனின் கடைசித் தவணை முடிய 1947 ஆனது. அடுத்த வருஷம் செயின்ட்-லோ பாரிஸ் மேடையில்.



1789 ஆகஸ்ட் 26, பிரெஞ்சுப் பிரகடனம். 17 பிரிவுகள். கடைசிப் பிரிவு சொத்து புனிதமானது என்பது. ஹெய்ட்டியில் அப்போது சொத்து எது என்பதை மேலே எழுதியாகிவிட்டது.

1791-ல் ஒலிம்ப் தெ கூழ் பெண்களுக்கென்று ஒரு பிரகடனம் எழுதினார். ராணி மரீ அந்துவானெத்துக்குச் சமர்ப்பணம் செய்தார், இது யாருக்கும் பிடிக்கவில்லை. 10-வது பிரிவில் கொலைமேடையையும் பேச்சுமேடையையும் சேர்த்துப் பேசுகிறார். முதலாவதில் ஏற்றுகிறீர்கள் அல்லவா, இரண்டாவதிலும் ஏற விடுங்கள் என்கிற தர்க்கம்.

1793 நவம்பர் 3. முதலாவதில் ஏற்றினார்கள்.

பிரெஞ்சுப் பெண்கள் ஓட்டுப் போட 1945 ஆனது.



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் ‘மூன்று தலைமுறை உரிமைகள்’ என்று ஒப்பிக்கிறார்கள்.

முதலாவது: பேச்சு, வழிபாடு, ஓட்டு, காரணமில்லாமல் கைதாகாமல் இருப்பது. அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவை.

இரண்டாவது: வேலை, கூலி, படிப்பு, வைத்தியம். அரசு கையை நீட்ட வேண்டியவை.

மூன்றாவது: வளர்ச்சி, அமைதி, நல்ல காற்று. யார் கை என்றே சொல்ல முடியாதவை.

இந்தப் பிரிப்பைச் சொன்னவர் காரெல் வசாக், செக் நாட்டில் பிறந்து பிரான்சுக்குப் போன சட்ட அறிஞர். 1977-ல் யுனெஸ்கோ கூரியர் இதழில் எழுதினார். அப்போது அதற்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சு முழக்கத்தோடும் கொடியின் மூன்று நிறத்தோடும் ஜோடி சேர்த்தார்.

கொடியில் நாலு நிறம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒரு சந்தேகம்.



1966 டிசம்பர் 16. ஒரே நாளில் இரண்டு உடன்படிக்கை. ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். பனிப்போர் நடுவில் வெட்டியது. சிவில், அரசியல் உரிமைகள் ஒரு கட்டு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் இன்னொரு கட்டு.

முதல் கட்டில் இன்றே கொடு. இரண்டாவது கட்டில் கையில் இருப்பதைப் பொறுத்துப் படிப்படியாகக் கொடு.

கடன்காரனுக்குச் சொல்லும் பதில் மாதிரிதான் இருக்கிறது.

இரண்டும் அமலுக்கு வர 1976 ஆனது. அமெரிக்கா இரண்டாவதில் 1977-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை. சீனா முதலாவதில் 1998-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை.



குடிதண்ணீர் மனித உரிமையானது 2010 ஜூலை 28. பொலிவியா கொண்டுவந்த தீர்மானம். ஆதரவு 122, எதிர்ப்பு 0, நடுநிலை 41. நடுநிலையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் குழாய் உள்ளவர்கள்.

நல்ல சுற்றுச்சூழல் 2022-ல் உரிமையானது. அதுவும் ஜூலை 28. ஆதரவு 161, நடுநிலை 8. இந்த எட்டில் சீனா, ரஷ்யா, ஈரான்.



சோறு எந்தத் தலைமுறை?

2001-ல் இந்திய உணவுக் கழகக் கிடங்கெல்லாம் நிரம்பி வழிகிறது, ராஜஸ்தானில் பட்டினி. பி.யு.சி.எல். என்ற சிவில் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. உயிர் வாழும் உரிமைக்குள்ளேயே சோறும் இருக்கிறது என்பது வாதம். அந்த நவம்பரில் உத்தரவு: அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போடுங்கள்.

இந்த ஊரில் அதற்கு முன்பே போட்டுக்கொண்டிருந்தார்கள், உரிமை என்ற பேச்சே இல்லாமல். சத்துணவு ஆயா கரண்டியோடு நிற்கும்போது எந்தப் பிரிவையும் நினைத்திருக்க மாட்டார்.



1947-ல் யுனெஸ்கோ பல நாட்டு அறிஞர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது: மனித உரிமைகளுக்கு அடிப்படை எது? தலைவர் ஜூலியன் ஹக்ஸ்லிக்கு மே மாதம் காந்தி பதில் எழுதினார். சின்னக் கடிதம். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பதால் தபால் நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை என்று ஆரம்பிக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் கற்றது என்று சொல்லி, கடமையைச் செய்தவனுக்கே உரிமை என்கிறார்.

அதோடு முடித்துக்கொண்டார். மற்றவர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு இந்தப் பதிலோடு சண்டை உண்டு. பாலசுந்தரம் எந்தக் கடமையில் தவறினார்?



சைரஸ் உருளை. சுட்ட களிமண். 1879-ல் பாபிலோனில் கிடைத்தது. இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில், நியூயார்க் ஐ.நா. கட்டடத்தில் நகல். ஈரான் ஷா இதையே உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று ஊரெல்லாம் சொன்னார். உருளையில் இருப்பது மர்துக் சாமி சைரஸைத் தேர்ந்தெடுத்தது, கோயில்களைச் சீர் செய்தது, ஆட்களை ஊர் திரும்ப விட்டது. அரசர்கள் கல்வெட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கமான புகழ்.

ஐ.நா.வின் முதல் அனைத்துலக மனித உரிமை மாநாடு டெஹ்ரானில் நடந்தது. ஷாவின் ரகசியப் போலீஸ் சவாக் ஆட்களைப் பிடித்து வதைத்துக்கொண்டிருந்த காலம். 1968 ஏப்ரல், மே.

அந்த வருஷத்துக்குப் பெயரே சர்வதேச மனித உரிமை ஆண்டு.



1968 ஜூன் 3. பீகாரில் ருதுல் ஷா என்பவரைக் கோர்ட்டு விடுதலை செய்தது. ஜெயில் அனுப்பவில்லை. வெளியே வந்தது 1982 அக்டோபர் 16.

14 வருஷம்.

1979-ல் சிவில் உரிமை உடன்படிக்கையில் சேரும்போது இந்தியா ஒரு வாசகம் சேர்த்துக் கொடுத்திருந்தது. தவறாகக் கைதானவருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை எங்கள் சட்ட முறையில் இல்லை என்று. 1983-ல் உச்ச நீதிமன்றம் ருதுல் ஷாவுக்கு மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. வாசகம் அப்படியே இருக்கிறது.

வருஷத்துக்கு 2,500.



1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. 44 பேர் தீயில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கேட்டது கூலியில் கொஞ்சம் கூடுதல் நெல்.

பிரகடனத்தின் இருபதாம் ஆண்டு விழா முடிந்து பதினைந்து நாள்.

மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். தீர்ப்பில் ஒரு கார் வருகிறது. பெரிய நிலக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற மாதிரி.



1950. சேலம் சிறை, பிப்ரவரி 11. துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சாவு. அரசியல் சாசனம் வந்து 16 நாள்.

மார்ச் 1. 1947 டிசம்பர் முதல் உள்ளே இருந்த ஏ.கே. கோபாலனிடம் சிறையில் புதுத் தடுப்புக் காவல் உத்தரவைக் கொடுக்கிறார்கள்.

அதே மார்ச் 1. பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் வாரப் பத்திரிகை மதராஸ் மாநிலத்துக்குள் நுழையத் தடை.

இரண்டு வழக்கும் மே மாதம் ஒரு வார இடைவெளியில் தீர்ப்பானது. கோபாலன் தோற்றார். பத்திரிகை ஜெயித்தது. அடுத்த வருஷமே சாசனத்தைத் திருத்திப் பேச்சுரிமைக்குப் புது வேலி போட்டார்கள்.

கோபாலன் தோற்ற வழக்கில் ஒன்று மட்டும் மிச்சம். தடுப்புக் காவல் சட்டத்தின் 14-வது பிரிவு: எதற்காகப் பிடித்தார்கள் என்பதைக் கைதி நீதிமன்றத்திலும் சொல்லக் கூடாது. சொன்னால் குற்றம். நீதிபதிகளுக்கே இது தாங்கவில்லை, வெட்டி எறிந்தார்கள்.

அப்போது மாநிலத்தின் முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர், காந்தியவாதி. தன் வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்தவர்.



நெருக்கடி நிலை. 1975 ஜூன் 27: உயிர் உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாது.

1975 அக்டோபர் 25: கொத்தடிமை முறை ஒழிப்பு.

1976 மார்ச் 23: சிவில் உரிமை உடன்படிக்கை உலகில் அமலுக்கு வருகிறது.

1976 ஏப்ரல் 28: உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று. சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் இப்போது கேட்க முடியாது. அந்த ஒன்று எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவில்லை.

நாலில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-ல் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று எழுதியது அவர் மகன்.



அக்டோபர் 25-க்கு மறுபடி. கொத்தடிமைச் சட்டம் இன்றும் கோட்டாட்சியர் ஆபீசில் வேலை செய்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு. மீட்கப்படுபவர்களில் இருளர்கள் அதிகம்.

விடுதலைச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கக் கிடைத்தது. ஒரே தாள். பெயர், கணவர் பெயர், வயது (உத்தேசமாக), வேலை கொடுத்தவர், வாங்கிய முன்பணம். கீழே, அந்தக் கடன் இனி செல்லாது என்று ஒரு வரி. கோபுரச் சீல். மடித்து மடித்து நாலு மடிப்பிலும் கிழிந்து, உள்ளே செல்லோ டேப் ஒட்டியிருந்தது.

வைத்திருந்த அம்மா கேட்டது: “இத வச்சு ரேஷன் கார்டு வாங்கலாமா சார்?”

பக்கத்தில் நின்ற ஆள் சொன்னது: “இருப்பிடச் சான்று வேணும்மா.”

இருப்பிடம் சூளைதான். அங்கிருந்துதான் மீட்டார்கள்.

முன்பணம் என்ற சொல் பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்திலும் பொருந்தியிருக்கும்.



காவல் நிலையச் சுவர். டி.கே. பாசு வழக்கின் நெறிமுறைகள், நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். பலகைக்கு முன்னால் பீரோவை நிறுத்தியிருந்தார்கள். ஏழாவது வரிவரைக்கும் தெரிந்தது.

சாத்தான்குளம், 2020 ஜூன். அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவு அன்றன்றே தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். வட்டில் இடம் தாராளமாக இருந்ததாம்.

அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம்: எல்லா நிலையத்திலும் கேமரா. குரலும் பதிவாக வேண்டும். 18 மாதம் வைத்திருக்க வேண்டும்.

சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1997. உறுதி செய்யவில்லை.



டிசம்பர் 10. அரசு அலுவலக வாசல். உறுதிமொழி. முன்னால் அதிகாரி தாளைப் பார்த்து வாசிக்க, பின்னால் வரிசையாகக் கை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்கிறார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் படிக்கட்டோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர், தன்னையும் சொல்லச் சொல்கிறார்களோ என்று கையை நீட்டிவிட்டு, யாரும் கவனிக்காததால் மடக்கிக்கொண்டார்.



மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுத யாரோ விவரம் கேட்டிருந்தார்கள். எழுதி வைக்கிறேன், அனுப்ப வேண்டும்.

வெள்ளைத் தாள் போதும். தமிழில் எழுதலாம். வக்கீல் வேண்டாம். கட்டணம் இல்லை.

சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆனால் விசாரிக்க முடியாது. பிரிவு 36(2).

முகவரி: திருவரங்கம், 143, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, சென்னை – 28.